இடது எஞ்சின்

பாலகுருவின் கைராசி கருவடிக்குப்பம் முழுக்கத் தெரியும். அவன் வாயும் அதே அளவுக்குத் தெரியும். டி.வி. ஓடவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், "இதுல யாரு கைய வச்சது? நீயா, உன் மச்சானா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அவன் தொட்ட பெட்டி மறுபடி கெடாது என்பதால் வேறு கடைக்குப் போகமாட்டார்கள்.

அவன் அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அதே ஆலையில் அறுபத்தெட்டில் வயர்மேனாகச் சேர்ந்தவன், எழுபத்து நான்கில் ஒரு மேஸ்திரி அப்பா பெயரை இழுத்துப் பேசியதற்காக, கையிலிருந்த டெஸ்ட் லேம்ப்பை அந்த ஆள் காலடியில் போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்தான். தபாலில் ரேடியோ படித்தான். டி.வி. வந்ததும் அதையும் பிரித்துப் பார்த்துப் படித்துக்கொண்டான். மனைவி அஞ்சலாட்சிக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. வாயில் அவனுக்கு ஒரு மாற்றுக் குறையாதவள் அவள். இருவரும் பேசிக்கொண்டால் தெருவுக்கே கேட்கும்.

எண்பத்தாறு ஜனவரியில் கிருஷ்ணசாமி முசியே ஆளனுப்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்து ரிட்டையரான சொல்தா, அதாவது சிப்பாய்; அதனால்தான் ஊர் அவரை முசியே, ஐயா, என்றது. கடற்கரைப் பக்கம் வெள்ளை மதில் வைத்த வீடு. கொஞ்ச நாள் முன்னால் பாரிசுக்குப் போனவர் இரண்டு பொருள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, ரேடியோவில் ஓட்டுகிற சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். இன்னொன்று ஒரு கம்ப்யூட்டர். விமானத்தைத் தரையில் உடைக்காமல் டி.வி. திரையில் ஓட்டிப் பழக, அதற்கு ஒரு கேசட். தரையில் நின்று விமானத்தை ஓட்டுகிற, இரண்டு குச்சி வைத்த ரேடியோப் பெட்டியைப் போலவே, ஏரியல் இல்லாத ஒரு பெட்டியும் அதோடு வந்திருந்தது. ஆனால் டி.வி.யில் படம் வரவில்லை. வெறும் கோடுகள் ஓடின.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வா. சுவத்துல கைய வைக்காத" என்றார் கிருஷ்ணசாமி.

பாலகுரு சுவரில் கையை வைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

பிரான்ஸ் கம்ப்யூட்டர் அனுப்புகிற அலைவரிசை முறை நம் ஊர் டி.வி.க்குப் புரியாது என்பதைக் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்தான். ஏரியல் வழியை விட்டுவிட்டு, டி.வி.யின் பின்மூடியைத் திறந்து நேராகப் படப் பகுதிக்கே ஒரு வயர் கொடுத்தான். கறுப்பு வெள்ளையில் தரை தெரிந்தது. தரைமேல் கோடுகளால் ஆன ஒரு விமானம் நின்றது.

"இந்த ஊர்ல இத ஒருத்தனும் பண்ணமாட்டான்" என்றான் பாலகுரு.

"பாரிசுல சின்னப் பையன் பண்ணுவான்" என்றார் அவர்.

கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த வாரம் விமானத்துக்குள் ஸ்விட்ச் வயர் ஒன்று அறுந்துவிட்டது என்று அதையும் அனுப்பினார். ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் கொடுத்தான். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவளக்குப்பத்துக்குத் தெற்கே, அறுவடை முடிந்து காய்ந்த திடலில் கிளப் என்று சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் விமானம் விடுவார்கள். டாக்டர்கள், ஒரு பேங்க் மேனேஜர், காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த இராமதாஸ். மற்ற எல்லோருடையதும் ஒற்றை எஞ்சின். கிருஷ்ணசாமியுடையது மட்டும்தான் ரெட்டை. அன்று அது மேலே போய் மூன்றாவது நிமிஷம் இடதுபக்கம் சுருண்டு, குப்புறத் தரையில் குத்தியது.

திங்கட்கிழமை காலை அவர் கார் கடை முன்னால் நின்றது. உடைந்த விமானத்தை மேசைமேல் வீசினார். பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியின் மேல் அது விழுந்தது.

"உன் ஈயம் வுட்டுடுச்சிடா. ரேடியோ செத்துப்போச்சி. தெரியாத வேலைய ஏன்டா தொட்ட?"

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். பாலகுரு உடைந்த விமானத்திலிருந்து ஸ்விட்சை எடுத்து, தான் பற்றவைத்த வயரைக் குறட்டால் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை மேசையில் ஊன்றி இழுத்தான். வயரே அறுந்தது. ஈயம் இருந்த இடத்தில் இருந்தது.

"பாத்தீங்களா? இப்ப இந்த விசிறி ரெண்டயும் பாருங்க. வலதுபக்க விசிறியோட ரெண்டு தகடும் தூளு. ஓடிக்கிட்டே தரையில அடிச்சிருக்கு. இடதுபக்கத்துது முழுசா கீது. ஓடாம நின்னிருக்கு. உங்க இடது எஞ்சின் மேலயே நின்னுபோச்சி முசியே. நீங்க அது தெரியாம ஓட்டியிருக்கீங்க."

"எனக்கு எஞ்சின் சொல்லிக்குடுக்கிறியா? இருபது வருசம் எஞ்சின்ல கெடந்தவன் நானு."

"லாரியில ஒரு எஞ்சின்தான?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணசாமியின் முகம் செங்கல் நிறமானது. "ஃபினி" என்றார். முடிந்தது என்று அர்த்தம். ஆனால் முடியவில்லை. திடலுக்கு வருகிற டாக்டர், பேங்க் மேனேஜர் எல்லோரிடமும், அவர்கள் மூலமாக அவர்கள் தெருக்களிலும், பாலகுரு அரைகுறை, ரேடியோவில் தப்பாகப் பற்றவைத்து ஆட்கள் தலையில் விமானத்தை விழவைக்கப் பார்த்தான் என்று பரப்பினார். பங்குனிக்குள் வெளியூர்ப் பெட்டிகளும் பெரிய வீட்டுப் பெட்டிகளும் வருவது நின்றது. அஞ்சலாட்சியிடமே வார்டில் ஒரு நர்ஸ் கேட்டாளாம்: "உன் வீட்டுக்காரரு வச்ச ஈயத்தாலதானே ஏரோப்ளேன் வுழுந்துது?"

"ஊரான் பொம்மைக்கு ஒக்காந்து வேல பாத்தியே, இப்ப நல்லாருக்கா?" என்றாள் அவள் வீட்டுக்கு வந்து.

"நான் வச்ச ஈயம் வுடலடி."

"எங்கிட்ட சொல்லி என்னா? ஊருகிட்ட போயி ஈயத்தக் காட்டு."

அதுதான் அவனை அரித்தது. ஈயம் விடவில்லை என்பதைக் காட்டிவிட்டான். விமானம் ஏன் விழுந்தது என்பதைக் காட்ட முடியவில்லை. ஒரு எஞ்சின் நின்றால் ரெட்டை எஞ்சின் விமானம் என்ன செய்யும், ஓட்டுகிறவன் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கே தெரியாது.

ஆடி மாதம் வழி அவன் வாசலுக்கே வந்தது. கடற்கரைப் பக்கம் கரன்ட் ஏறி இறங்கியதில் அந்தக் கம்ப்யூட்டரின் பவர் பெட்டி புகைந்துவிட்டது. ஊரில் மற்ற எல்லோரும் தொட மறுத்தார்கள். கிருஷ்ணசாமி தானே வரவில்லை. டிரைவர் கொளஞ்சியிடம் கம்ப்யூட்டர், கேசட், குச்சிப் பெட்டி எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினார்.

"அய்யா எப்ப ஆவும்னு கேக்கச் சொன்னாரு" என்றான் கொளஞ்சி.

"பார்ட்ஸ் மெட்ராஸ்லேருந்து வரணும்."

அது பொய். இரண்டே நாளில் புது டிரான்ஸ்பார்மர் சுற்றி, பெட்டியைச் சரிசெய்துவிட்டான். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தப்பு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்துக்கொண்டான். தன் பேரைக் கெடுத்தவனுடைய பொருளைக்கொண்டே தன் பேரை மீட்பது அவனுக்கு நியாயமாகவே பட்டது.

கடை டி.வி. ஒன்றுக்கும் முன்போலவே நேராக வயர் கொடுத்துக்கொண்டான். மத்தியானம் ஒன்றரைக்குக் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உட்காருவான். கேசட்டைப் போட்டு, அது கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே ஏறப் பத்து நிமிஷம். நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்து. கூட வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எது என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினான். மூன்றாம் நாள் தேடியது கிடைத்தது. ஒன்றாம் எண்ணை அழுத்தினால் இடது எஞ்சின் நின்றது. இரண்டாம் எண்ணை அழுத்தினால் வலது.

முதல் வாரம் எஞ்சின் நிற்காமலேயே விழுந்தான். விமானம் எட்டப் போகும்போது சொன்னபடி கேட்டது. திரும்பித் தன்னைப் பார்த்து வரும்போது இடம் வலமாகிவிட்டது. இடப்பக்கம் தள்ளினால் திரையில் வலப்பக்கம் சாய்ந்தது. புத்தி புரிந்துகொண்டாலும் கை புரிந்துகொள்ளவில்லை. கடைசியில் ஒரு கணக்குக் கண்டுபிடித்தான். எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, முட்டுக்கொடுக்கிற மாதிரி. அப்போதுதான் தேறியது.

பிறகு எஞ்சினை நிறுத்த ஆரம்பித்தான். ஒன்றை அழுத்துவான். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், இடது இறக்கை தொங்கும். யாருக்கும் தோன்றுவதுபோல அவனுக்கும் வேகத்தைக் கூட்டி மூக்கைத் தூக்கத்தான் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் ஓடுகிற வலது எஞ்சின் முழு பலத்தோடு விமானத்தைச் சுற்றித் தரையில் அடித்தது. இடதுபக்கம் சுருண்டு, குப்புற. கிருஷ்ணசாமியின் விமானம் விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்ன அதே மாதிரி. ஒரு மத்தியானம் பதினாறு தடவை அப்படி விழுந்தபின் ஆத்திரத்தில் வேகக் குச்சியைக் கீழே இழுத்துவிட்டான். விமானம் சாதுவாக நேரானது.

அதுதான் சங்கதி. ஓடுகிற எஞ்சினையும் அடக்கு. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்து. வால் சுக்கானை எதிர்ப்பக்கம் பிடி. செத்த எஞ்சின் பக்கம் திரும்பாதே, உயிரோடிருக்கிற பக்கமாக அகலமாகச் சுற்றி வந்து இறங்கு. அதற்கப்புறம் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்தான். நேரே போகும்போது, வளையும்போது, எதிரே வரும்போது. அவன் வயரில் சத்தம் வராது, படம் மட்டுந்தான். அதனால் எஞ்சின் நின்றதை மூக்கு இழுப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கண் பழகியது.

கொளஞ்சி ஒன்பது தடவை வந்து திரும்பிப் போனான். பதினோராவது வாரம் கிருஷ்ணசாமியே வந்தார். கூடவே சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர். பாதி சாத்திய கதவைத் தள்ளியபோது பாலகுரு குச்சிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். திரையில் விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"பாருய்யா! மெட்ராஸ்லேருந்து பார்ட்ஸ் வரலன்னான். என் மெஷின்ல வெளையாடிக்கினு கெடக்கான் திருட்டுப் பய!"

பாலகுருவுக்குக் காது சுட்டது. திருட்டு என்ற சொல்லை அவனை நோக்கி யாரும் அதுவரை சொன்னதில்லை. சொல்ல இடம் கொடுத்தவன் தானே என்பது இன்னும் சுட்டது.

"ஆமா, வச்சிருந்தேன்" என்றான் போலீஸ்காரரிடம். "கூலி ஒரு பைசா வாணாம். பெட்டி நல்லா ஓடுது. இப்பவே எடுத்துக்கிட்டுப் போவட்டும். போறதுக்கு முன்னால ரெண்டு நிமிசம் பாக்கச் சொல்லுங்க."

அவர்கள் பதில் சொல்வதற்குள் ஒன்றை அழுத்தினான். மூக்கு இழுத்தது. வேகத்தைக் கூட்டி மூக்கைத் தூக்கினான். விமானம் சுருண்டு விழுந்தது. "இது முசியே பண்ணது" என்றான். மறுபடி ஏற்றி, மறுபடி நிறுத்தி, அடக்கி, சுற்றி வந்து இறக்கினான். "இது பண்ணியிருக்க வேண்டியது. இதுல ஈயம் எங்க வந்துது?"

போலீஸ்காரர் திரையையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி காட்டு" என்றார்.

"டி.வி.யில பொம்மையாட்டுறவனெல்லாம் பைலட்டா?" கிருஷ்ணசாமி கேசட்டைப் பிடுங்கினார். "விமானத்துக்குப் புது இறக்க வந்து மாட்டியாச்சி. ஞாயித்துக்கெழம தவளக்குப்பத்துக்கு வா. உண்மையான காத்துல காட்டு. வுழுந்துச்சின்னா, இந்தக் கடைப் போர்டக் கழட்டிட்டுப் போயிடணும்."

"வுழலன்னா?"

அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

ஞாயிறு காலை கடலூர் பஸ்ஸில் போய் இறங்கினான். அஞ்சலாட்சியும் வந்தாள். "நீ வுழவைக்கிறத நானும் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். ஐப்பசி மழை ஒரு வாரம் விட்டிருந்தது. திடல் இறுகியிருந்தது. பனைமரங்களின் கீழே கார்கள். ஒருவரும் அவனை வா என்று சொல்லவில்லை. பேங்க் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிருஷ்ணசாமி விமானத்தைத் தயாராகவே வைத்திருந்தார். எஞ்சினுக்கு ஊற்றுகிற ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை காற்றில் நின்றது. எஞ்சின் இரண்டையும் அவரே கிளப்பி, குச்சிப் பெட்டியை அவன் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினார். "அலே, போ" என்றார்.

உண்மையான விமானம் கனத்தது. தரையில் குதித்துக்கொண்டு ஓடி, ஒரு பக்கம் சாய்ந்து, ஏறியே விட்டது. திரையில் காற்று கிடையாது. இங்கே கடற்காற்று விமானத்தைப் பனைமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. இரைச்சல் வேறு. முதல் சுற்று அசிங்கமாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது சுற்றில் விமானம் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, அதன் மூக்கு ஒரு விரல்கடை இழுத்தது.

இரைச்சல் குறையவில்லை. ஒரு எஞ்சின் நின்றாலும் இன்னொன்று கத்திக்கொண்டுதான் இருக்கிறது. திடலில் நின்ற ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இறக்கை கார்கள் பக்கமாகத் தாழ்ந்ததும்தான் யாரோ, "ஏய், ஏய்!" என்று கத்தினார்கள். ஜனம் கலைந்து ஓடியது.

பாலகுருவின் கை அதற்குள் வேகத்தை இறக்கியிருந்தது. யோசிக்கவில்லை, மத்தியானங்களில் செய்ததையே கை செய்தது. தாழ்ந்த இறக்கைக்கு முட்டு. வாலுக்கு எதிர்ப்பிடி. மூக்கு கொஞ்சம் கீழே. விமானம் பனை மட்டைகளுக்கு மேலே நேராகி, உயிரோடிருந்த எஞ்சின் பக்கமாக அகலமாகத் திரும்பி, திடலின் தூரத்து ஓரத்தில் தடதடவென்று இறங்கியது. முன்சக்கரம் ஒடிந்து, மூக்கால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது.

கைதட்டல் ஒன்றும் இல்லை. பாலகுரு பெட்டியோடு விமானத்தண்டை நடந்தான். எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு எண்ணெய் டாங்கிகளின் குழாயையும் பிடுங்கினான். வலது டாங்கியிலிருந்து எண்ணெய் அவன் விரல்மேல் வழிந்தது. இடது டாங்கி காய்ந்து கிடந்தது.

"ரெண்டும் ஒரே சைசு டாங்கி. ஒரே அளவு எஞ்சின். ஒண்ணுல பாதிக்கு மேல கீது, ஒண்ணுல சொட்டு இல்ல. எப்படி முசியே?"

"லீக்கு" என்றார் கிருஷ்ணசாமி.

"லீக்குன்னா இறக்கையெல்லாம் எண்ணெயா இருக்கணுமே. தொட்டுப் பாருங்க. காஞ்ச துணி மாதிரி கீது."

யாரும் தொடவில்லை. டாக்டர் ஒருவர் செருமினார். பேங்க் மேனேஜர் சாவிக்கொத்தைத் தேடினார். அஞ்சலாட்சிதான் குனிந்து, இறக்கையைப் புறங்கையால் தடவி, ஈரம் ஒட்டாத அந்தக் கையை எல்லோருக்கும் காட்டினாள். அதைத் துடைக்காமலேயே இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீயெல்லாம் பட்டாளத்துல இருந்தியா?" என்று கிருஷ்ணசாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"உன் பொம்பளைய அடக்குடா!"

"அவ கேட்டதுக்கு பதில் சொல்லுங்க."

கிருஷ்ணசாமி குனிந்து ஒடிந்த சக்கரத்தைப் பொறுக்கினார். பாலகுரு பெட்டியை விமானத்தின் மேல் வைத்தான். "இனிமே உங்க வீட்டு ஸ்க்ரூ ஆணி ஒண்ணு என் கடைப் படி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

பஸ் நிறுத்தத்தில் இராமதாஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காலேஜ்காரர், மெல்லப் பேசுகிறவர். "பாலகுரு, ஒண்ணு சொல்லணும். முசியே பெரிய சிரிஞ்ச் வச்சி இடது டாங்கிலேருந்து எண்ணெய உறிஞ்சி எடுத்தாரு. நான் பாத்தேன். மனசு கேக்கல, அதான்…"

"எப்ப பாத்தீங்க?"

"எஞ்சின் கெளப்பறதுக்கு முன்னால."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவரு பெரிய மனுசரு. கிளப்புக்கு இடம் வாங்கிக் குடுத்ததே அவருதான்."

பாலகுரு அவரை மேலும் கீழும் பார்த்தான். "அவன் எனக்கு எதிரி சார். எண்ணெய எடுத்தான், சரி. நீங்க யாரு? கார்ங்க மேல திரும்பிச்சே, உங்க ஆளுங்க அங்க நின்னாங்களே? அது வுழுந்து ஒருத்தன் மண்ட பொளந்திருந்தாலும் வூட்டுக்குப் போயிதான் மனசு கேக்காம இருந்திருப்பீங்க."

பஸ் வந்தது.

சேதி கருவடிக்குப்பத்துக்கு அன்று மத்தியானமே வந்துவிட்டது. டாக்டர் வீட்டு டி.வி. அந்த வாரக் கடைசியில் கடைக்கு வந்தது. பேங்க் மேனேஜர் வீட்டுப் பெட்டியும் வந்தது. டாக்டருடையதை வாங்கிக்கொண்டான். மேனேஜர் பெட்டியை வாசலிலேயே நிறுத்தி, "முன்ன குடுத்தவன்கிட்டயே குடுங்க" என்று திருப்பியனுப்பினான். அஞ்சலாட்சி அதற்கு மூன்று நாள் சண்டை போட்டாள்.

கிருஷ்ணசாமி மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்லை. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு கடையைப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் புகார் எழுதிக் கொடுத்ததில் பாலகுரு இரண்டு தடவை ஸ்டேஷனுக்கு அலைந்தான். எண்பத்தெட்டில் அவர் மகளோடு இருக்க பிரான்சுக்கே போய்விட்டார். போகிறவரைக்கும் அவன் திருடன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஊர் அதையும் நம்பியது.

அவர் போனபின் கிளப்புக்காரர்கள் பாலகுருவை வந்து சேரச் சொல்லி இராமதாஸை அனுப்பினார்கள். ரெட்டை எஞ்சின் விமானத்தைக் கிருஷ்ணசாமி விற்றுவிட்டுப் போயிருந்தார். அவர்களிடம்தான் இருந்தது. ஓட்ட ஆளில்லை.

"வேற ஆளப் பாருங்க" என்றான் பாலகுரு.

இராமதாஸ் போனபின், சோற்றுத் தூக்கோடு வந்திருந்த அஞ்சலாட்சி கேட்டாள்: "ஏன்? ஆசையில்லியா உனக்கு? அத்தினி நாளு கதவ சாத்திக்கிட்டு ஒக்காந்திருந்தியே?"

பாலகுரு ஒரு பெட்டியின் பின்மூடியில் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாலு நிமிசம் பறந்துது. என் கையிலதான் பறந்துது" என்றான். "அன்னிக்கு அவன் மேல இருந்த கோவத்துல நான் அதப் பாக்கவே இல்லடி. எப்படிப் பறந்துதுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. இப்பவும் அதத் தொட்டா அவன் மூஞ்சிதான் தெரியும்."

அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்து, சோற்றை எடுத்து வைத்தாள்.